மெயின் சுவிட்ச்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். மூட்டை சுமந்து படிக்க வைத்தவர் அப்பா. மறதி நோய் வந்து ஆளே அடையாளம் தெரியாமல் போன பிறகும், வீட்டில் விளக்கு எரிந்தால் மெயின் சுவிட்சையே அணைத்துவிடும் பழக்கம் அவரை விடவில்லை.

அன்று பொம்மனஹள்ளி வீட்டிலிருந்தே மேனேஜரிடம் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறையாக இணைப்பு அறுந்தது.

"பகல்ல எதுக்கும்மா லைட்டு?" என்று அப்பா சிரித்தார்.

பாய்ந்து போய் அறைந்தேன். கட்டிலில் மோதி விழுந்தார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. காலரைப் பிடித்துத் தூக்கி, மறுபடியும் கை ஓங்கினேன்.

அவர் முகத்தை மூடிக்கொண்டார். "அடிக்காதீங்க மேடம். என் பொண்ணு ஆபீஸ்ல இருக்கா. வந்தான்னா உங்கள சும்மா விடமாட்டா."

கை தானாக இறங்கியது. ரத்தத்தைத் துடைத்துவிட்டேன்.

"எப்ப வருவா?" என்றார்.

"சாயங்காலம் வந்துடுவாப்பா" என்றேன்.

அவர் சொன்ன அந்தப் பெண்ணுக்கு இன்றும் நான் பயப்படுகிறேன்.