வரைபடத்தில் இல்லாத கக்கூஸ்

கட்டட அனுமதிக் குழுவின் கூட்டத்தில் நகரமைப்பு அதிகாரி இருந்தார். அவருக்கு வலப்பக்கம் தீயணைப்புத் துறைக்காரர், இடப்பக்கம் மின்துறைப் பொறியாளர், ஓரத்தில் குறிப்பெழுதும் அம்மாள் ஒருவர். மேசைக்கு இந்தப் பக்கம் அப்பாவும் நானும். வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் வரவில்லை. அவரிடம்தான் நான் வேலை பார்க்கிறேன். "உங்க வீட்டு விஷயம்தான, நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டார். அம்மாவும் வரவில்லை. புடவை மாற்றிக்கொண்டு வாசல்வரை வந்தவளை, "நீ வாணாம்மா, அங்க எல்லாம் இங்கிலீஷ்ல பேசுவாங்க" என்று நான்தான் நிறுத்தினேன். உண்மைக் காரணம் அதுவல்ல. அம்மாவைக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள்.

விஷயம் ஒரு மாவு மில். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடியபிறகு தட்டாஞ்சாவடிப் பக்கம் ஒருவருடைய மாவு மில்லில் பன்னிரண்டு வருடம் அரைத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு முன்னால் தெருவை ஒட்டி இரண்டு குழி, அதாவது ஆயிரத்துச் சொச்சம் சதுர அடி இடம் சும்மா கிடந்தது. அதில் ஷெட் போட்டு, மாவுக்கு ஒன்று மிளகாய்க்கு ஒன்று என இரண்டு மெஷின் வைக்க வேண்டும், இனிமேல் இன்னொருவர் மில்லில் போய் நிற்கக் கூடாது. அதுதான் அவருடைய ஆசை. மெஷினுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். ஆனால் கடையோ மில்லோ எது கட்டினாலும், மனையின் வரைபடம் அந்தக் குழுவின் முன் போய் அனுமதி கிடைத்தாக வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், சிவில் டிப்ளமோ வேறு. நானே வரைந்தேன்.

மனையில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் படத்தில் வர வேண்டும். வீடு, முருங்கை மரம், தண்ணீர்த் தொட்டி, கரண்ட் கம்பம் எல்லாம் காட்டினேன். தெருவோர மூலையில் இருந்த கக்கூஸை மட்டும் விட்டுவிட்டேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தகரக் கதவு, தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு கயிறு. நான் பாலிடெக்னிக் சேர்ந்த வருடம், கூடப் படிக்கிற பையன்கள் வீட்டுக்கு வருகிறோம் என்றார்கள். கக்கூஸே இல்லாத வீட்டுக்கு யாரைக் கூட்டி வருவது என்று நான் இரண்டு நாள் சாப்பிடாமல் சண்டை போட்டேன். அப்பா கொத்தனாருக்குத் தானே சித்தாளாக நின்று அதைக் கட்டினார். இப்போது ஆபீஸில் நாலு பேர் புரட்டிப் பார்க்கப்போகும் தாளில், எங்கள் வீட்டு வாசலில் கக்கூஸ் இருக்கிறது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. கூச்சம், அவ்வளவுதான். அந்த மூலையில் கோடு போட்டு, 'இருசக்கர வாகனம் நிறுத்துமிடம்' என்று எழுதினேன்.

அப்பா படத்தைப் பார்த்தார். எழுதியிருந்ததைப் படித்துச் சொல்லச் சொன்னார்.

"மாவரைக்க வர்றவங்க டப்பாவ இடுப்புல வெச்சினு நடந்து வருவாங்க. வண்டி எதுக்குடா?"

"ரூல்ஸுப்பா."

"ரூல்ஸுன்னா சரி, போட்டுக்க."

அது எந்த மூலை என்று அவர் கேட்கவில்லை.

இடம் பார்க்க வந்த இளநிலைப் பொறியாளர், படத்தைக் கையில் விரித்தபடி கக்கூஸ் எதிரில் நின்று, "ஏம்மா, வண்டிய இதுக்குள்ளயா வுடப்போறீங்க?" என்று கேட்டாராம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பத்து நாளில், நேரில் வந்து விளக்கம் சொல்லும்படி கடிதம் வந்தது.

அதிகாரி கோபக்காரர் இல்லை. இருக்கிற கட்டடத்தை ஏன் காட்டவில்லை என்று ஆங்கிலத்தில் சாதாரணமாகத்தான் கேட்டார். என் தப்பு சார் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் வேறு சொன்னேன். தடுமாறாமல், நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்: அப்பா அதை இடித்துவிட்டதாகச் சொன்னார், அவர் பேச்சை நம்பி வரைந்துவிட்டேன், படிக்காதவர், விதிமுறை தெரியாது, மன்னிக்க வேண்டும். நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்கும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். தனக்காக மகன் பேசுகிறான் என்று அவர் முகம் மலர்ந்திருந்தது.

அதிகாரி தமிழுக்கு மாறினார். "இன்னா பெரியவரே, இடிக்காமலே இடிச்சிட்டேன்னு பையன்கிட்ட சொன்னீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் கிடந்த படத்தைப் பார்த்தேன்.

"ஆமாங்க சார். இடிச்சிடலாம்னுதான் இருந்தேன். புள்ள மேல தப்பு இல்ல."

"இடிச்சிருந்தா காலைல எங்க போயிருப்பாரு?" என்றார் தீயணைப்புக்காரர். குறிப்பெழுதிய அம்மாளும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உண்மையை மறைத்த விண்ணப்பம் என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். கக்கூஸை இடித்துவிட்டுப் புதுப் படத்தோடு முதலிலிருந்து வர வேண்டும்.

வெளியே நான் வண்டியை எடுக்கும்போது அப்பா சொன்னார்: "நடுவுல நாலு வாட்டி ஃபாதர் ஃபாதர்னியே. எதோ நல்லதா சொல்றேன்னு நெனச்சிட்டேன்." பிறகு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

அனுமதி ஐந்து மாதம் கழித்துக் கிடைத்தது. அதுவரை அப்பா மறுபடியும் அந்த இன்னொருவர் மில்லுக்கே போனார். வீட்டுக்குப் பின்னால் புதுக் கக்கூஸ் எழும்பும்வரை அம்மா விடியுமுன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். கெடு தாண்டிவிட்டது என்று மெஷின்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஷெட்டுக்குக் கடைக்கால் தோண்டிய அன்று, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்: "இந்தக் கூத்துல வீணா எம்மாந்தான் போச்சு?"

நான் தட்டை இழுத்துச் சோற்றைப் பிசைந்தேன்.

"நான்தான் அங்க ஒரு வார்த்த தப்பா சொல்லிட்டேன்," என்றார் அப்பா. "அதுக்கு அறுபத்தேழாயிரத்து எண்ணூறு ரூவா."