சட்டைக் கைக்குள் இருந்த தழும்பு

கண் வங்கியில் எனக்கு டெக்னீஷியன் வேலை. யாராவது இறந்தால் அவர் வீட்டுக்கே போய்க் கருவிழியை எடுத்து வருவேன். எடுப்பதற்கு முன்னால் உடம்பைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாக வேண்டும். ஊசித் தடமோ, புதிதாகக் குத்திய பச்சையோ, ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று. கண்ணோடு சேர்ந்து நோயும் இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். படித்துவிட்டு இந்த வேலையா என்று அப்பா ஒரு மாதம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் அன்று நான் போன வீட்டில் இறந்திருந்தவர் ஆட்டோ ஓட்டுபவர். விடியற்காலையில் நெஞ்சுவலி. கண்ணைக் கொடுத்துவிட வேண்டும் என்று மனைவியிடம் பல தடவை சொல்லி வைத்திருந்தாராம். எங்களுக்குப் போன் செய்ததும் அந்த அக்காதான். நான் போய்ச் சேர்வதற்குள் குளிப்பாட்டி, முழுக்கைச் சட்டை போட்டு, விபூதி பூசிக் கிடத்தியிருந்தார்கள்.

படிவத்தில் உள்ள கேள்விகளை அக்காவிடம் கேட்டேன். காமாலை வந்ததுண்டா? "அதெல்லாம் இல்ல தம்பி. ஆஸ்பத்திரி வாசலையே மிதிச்சதில்ல."

சட்டையைக் கழற்ற வேண்டும் என்றதும் அக்காவின் அண்ணன் எழுந்து வந்தார்.

"கண்ணு எடுக்க வந்தவன் கண்ண எடுத்துக்கினு போப்பா. சட்டைய எதுக்குக் கழட்டுற? குளிப்பாட்டுன உடம்பு."

"பார்க்காம எடுக்கக் கூடாதுங்கண்ணா."

"செத்தவன்கிட்ட என்னாத்த பாக்கப் போற? பாஸா ஃபெயிலா போடப் போறியா?"

"நீ சும்மா இரு," என்றார் அக்கா. "தம்பி கேக்கறத செஞ்சி குடு. அவரு ஆசைப்பட்டது நடக்கட்டும்."

அக்காவையும் அண்ணனையும் தவிர மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினோம். பித்தானை அக்காவே ஒவ்வொன்றாகக் கழற்றினார். வலது சட்டைக் கையை உருவியபோது, மணிக்கட்டுக்கு மேலே காசளவில் ஒரு தழும்பு தெரிந்தது. இன்னும் சிவப்பு மாறவில்லை.

அது என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏழு வயதில் எனக்குக் காமாலை வந்தபோது அம்மாவும் என்னை நாட்டு வைத்தியரிடம்தான் கூட்டிப் போனார். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அவர் வைத்த சூடு என் கையில் இப்போதும் இருக்கிறது. சூடு வைத்து, கீழாநெல்லி குடித்து, பத்தியம் முடித்துவிட்டால் போதும். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அதை வியாதிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அக்கா பொய் சொல்லவில்லை.

"இது எப்ப வச்சதுக்கா?"

"பங்குனில. கண்ணு மஞ்சளா இருந்துச்சு. ஓரிக்கை பக்கம் ஒரு வைத்தியர்கிட்ட நான்தான் கூட்டிக்கினு போனேன். பத்து நாள்ல சரியாயிடுச்சே."

நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எந்தக் காமாலை என்று தெரிய அப்போது ரத்தப் பரிசோதனையும் செய்திருக்கவில்லை. எங்கள் கண் வங்கி டாக்டருக்குப் போன் செய்தேன். வேண்டாம் என்றார். எனக்கும் அதே பதில்தான் தெரிந்திருந்தது. ஆனாலும் அதை அந்த அறையில் என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணை எடுக்க முடியாது என்றேன்.

அக்கா உடனே அழவில்லை. "சூடு வச்சதால தப்பாயிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. அந்தக் காமாலை எதனால வந்துதுன்னு தெரியல. வாங்கறவங்களுக்கு அது போயிடக் கூடாதில்ல?"

"அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா எடுத்திருப்பியா?"

எடுத்திருக்கலாம், சில காமாலைக்கு எடுப்பதுண்டு. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? தெரியவில்லை என்றேன். அந்த நாளுக்குப் பிறகு எந்த வீட்டிலும் காமாலை வந்ததா என்பதோடு நிறுத்துவதில்லை. எங்கேயாவது சூடு வைத்தார்களா, பத்தியம் இருந்தாரா என்றும் கேட்கிறேன்.

அவருக்குச் சட்டையைத் திரும்பப் போட்டுவிட வேண்டியிருந்தது. ஒரு ஆளால் ஆகாது. அண்ணன் வந்து தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் கையை நுழைத்தேன், அக்கா பித்தான் போட்டார்.

"வெளிய எல்லார்கிட்டயும் சொல்லிட்டமே. இப்ப என்னான்னு சொல்றது?" என்றார் அண்ணன். "எடுத்துட்டாங்கன்னே சொல்லிடலாமா?"

என்னைத்தான் பார்த்தார். நான் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்ததும் வாசலில் நின்ற ஆட்டோக்காரர்களில் ஒருவர், "எடுத்தாச்சா தம்பி?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அக்கா சொன்னார்:

"எடுக்கலபா. அவருக்குக் காமாலை வந்துச்சு, நான் சொல்லாம உட்டுட்டேன். யாரோ பெத்த புள்ளைக்குப் போவாம தம்பி பாத்துடுச்சு. உங்க வீட்டுல யாருக்கனா வந்திருந்தா முன்னாடியே சொல்லிடுங்க."