அக்காவும் நீமாவும் எம்.பி.ஏ. சேர்ந்த கதை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. "அழுததெல்லாம் போதும், அவ சிரிச்சத எழுது" என்று அம்மா சொல்லிவிட்டார். அதனால் தம்பியாகிய நான் இப்படி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பட்டினப்பாக்கம் குப்பத்தில். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, அக்கா பள்ளி முடிக்கும் முன்பே காய்ச்சலில் காலமானார். அம்மா மயிலாப்பூரில் கூடை வைத்து மீன் விற்று எங்களைப் படிக்க வைத்தார். பி.காம். முடித்த அக்கா, தி. நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தார். எம்.பி.ஏ. படிக்கப்போவதாக அவர் சொன்னபோது, அது என்ன படிப்பு என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது.

கடைக்குப் பக்கத்துத் தெருவில் நடந்த நுழைவுத் தேர்வுப் பயிற்சி வகுப்பில்தான் நீமாவைச் சந்தித்தார். கென்யாவிலிருந்து பட்டப்படிப்புக்காகச் சென்னை வந்து, மேலும் எம்.பி.ஏ. படிக்க விரும்பிய கறுப்பினப் பெண். (நான் அவரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குழப்பம் வேண்டாம் என்று இங்கே பெயரால் எழுதுகிறேன்.) குழு விவாதத்தில் நீமா வாயைத் திறந்தாலே அவர் உச்சரிப்பைக் கேட்டுப் பின்வரிசையில் சிரிப்பார்கள். அவர் பாதியில் நிறுத்திவிடுவார். ஒருநாள் அக்கா எழுந்து, "அந்தப் பொண்ணு பேசி முடிக்கட்டும். அப்பால சிரிங்க" என்றார். ஆங்கிலத்துக்குப் பயந்து மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா அந்த வகுப்பில் பேசிய முதல் பேச்சே அதுதான்.

வகுப்பெடுத்த விசுவநாதன் சார் அன்றே இருவரையும் சேர்த்துவிட்டார். நீமா ஆங்கிலம் பழக்குவார், அக்கா கணக்குச் சொல்லித்தருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சார் தம் கோபாலபுரம் வீட்டுக்கே அவர்களை வரவழைத்து, வேகாத வெயிலிலும் கோட்டு மாட்டிக்கொண்டு நேர்முகத் தேர்வு நடத்துவார். அவர் மனைவி காபியோடு வந்த பிறகுதான் கோட்டைக் கழற்றுவார்.

தேர்வு நெருங்கிய சமயம், அடையாறில் நீமா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொன்னார். போன இடமெல்லாம் முகத்தைப் பார்த்ததுமே, "ஆள் வந்தாச்சு" என்று கதவைச் சாத்தினார்கள். ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்ற நீமாவை அக்கா பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். தெருவே திரண்டு வேடிக்கை பார்த்தது.

"இன்னாத்துக்கு வாயப் பொளந்துகினு நிக்கிறீங்க? எம் பொண்ணோட சிநேகிதி. வயி வுடுங்க" என்று அம்மா கூட்டத்தை விலக்கினார். பிறகு நீமாவின் கையைத் தம் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்து, "நம்ம கலருதாம்மா நீயும். உக்காரு, சாப்புடலாம்" என்றார். அன்று நெத்திலிக் குழம்பு. நீமா மறுபடியும் மறுபடியும் சோறு கேட்டதில் அம்மாவுக்கு ஒரே பெருமை.

முடிவு வந்தபோது நீமாவுக்கு இடம் கிடைத்திருந்தது. அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அழுதது நீமாதான். அக்கா லட்டு வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுத்தார். "ஒனக்குக் கெடைக்கலயே?" என்று கேட்டவர்களிடம், "எங்க வூட்ல ஒருத்திக்குக் கெடச்சிது இல்ல? எட்த்துக்கோ" என்றார்.

மறுவருடம் நீமா விடுதியிலிருந்து வாரந்தோறும் வந்து, சாரின் கோட்டை இரவல் வாங்கித் தாமே மாட்டிக்கொண்டு அக்காவைக் கேள்விகளால் துளைத்தார். அந்த வருடம் அக்காவும் சேர்ந்தார். நீமா அவரைத் தூக்கிச் சுற்றி, "நான் இன்னா சொன்னேன்? கேட்டியா நீ?" என்று எங்கள் குப்பத்துத் தமிழிலேயே கத்தியதைத் தெருவில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பின்னாளில் ஏற்றுமதி நிறுவனமொன்றில் மேலாளரான அக்கா, ஆப்பிரிக்காவிலிருந்து படிக்க வந்த எத்தனையோ பேருக்குக் கே.கே. நகரிலும் வேளச்சேரியிலும் வீடு பிடித்துக் கொடுத்தார். வீட்டுக்காரர்கள் தயங்கினால், "நான் பொறுப்பு சார், எதுன்னாலும் என்னிய கேளுங்க" என்பார். அவர்களை நேர்முகத் தேர்வுக்கும் தயார் செய்தார்.

நோயில் உடன் நின்ற மருத்துவர்களுக்கும், சோறு கொண்டுவந்த தெருவாருக்கும், விசுவநாதன் சார் குடும்பத்தாருக்கும், தோள் கொடுத்த நண்பர்களுக்கும் நன்றி. இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். நைரோபியிலிருந்து பறந்து வந்த நீமாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒரு செவிலியர் நிறுத்தினார்.

"சொந்தக்காரங்க மட்டுந்தாம்மா. பேஷண்டுக்கு நீங்க இன்னா வேணும்?"

"தங்கச்சி" என்றார் நீமா.

செவிலியர் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"ஆமாம்மா, சின்னவ" என்றார் அம்மா.

மறுபேச்சில்லாமல் கதவைத் திறந்துவிட்ட அந்தச் சகோதரியின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.