கரையான் மருந்தில் மிச்சம் பிடித்த கதை

வீட்டில் கரையான் மருந்து அடிக்க இரண்டு பேரிடம் விலை கேட்டேன். முதல் ஆள், வாடகைக்கு விட்டிருக்கும் பின்பக்க ரூமையும் சேர்த்து அளந்து, அதிகமாகச் சொன்னார்.

"ஒரே அஸ்திவாரம்மா. பாதி வுட்டா கரையான் அந்தாண்ட பூடும்" என்றார்.

"எங்க போவுதுன்னு உன்னாண்ட சொல்லிட்டுத்தான் போவுமா?" என்று கிண்டலடித்து அனுப்பிவிட்டு, எங்கள் பக்கம் மட்டும் மலிவாக அடிக்கிற ஆளைப் பிடித்தேன்.

சில மாதம் கழித்து இன்று, அந்த ரூமில் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலித் தம்பி ஒரகடம் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினான். தங்கைக்கு எடுத்த கல்யாணப் பட்டு, மடிப்பு மடிப்பாக அரித்துக் கிடந்தது.

"யக்கா, உங்க வீட்டுல இருந்து எங்கிட்ட குடி வந்துருக்கு. அதுககிட்டயும் வாடகை வாங்கிக்கிடுங்க" என்று சிரிக்கப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புதுப் பட்டு நான் எடுத்துத் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

காஞ்சிபுரத்தில் நல்ல கடை தெரிந்தால் சொல்லுங்கள். மலிவான கடை வேண்டாம்.