பதநீர் கொடுத்த உபதேசியார்

எங்கள் சபையில் யார் இறந்தாலும் கோவில் மணி அடிக்கும். மாசிலாமணி உபதேசியாருக்கு அடிக்கவில்லை. கீரைக்காரி என் வாசலில் கூடையை இறக்கி, "ஐயா, ஒங்க உபதேசியார் விடியக்காலம் போயிட்டாராமே, தெரியாதா?" என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அவரை அறிந்த சபையாராகிய உங்களுக்கு அவர் போக்கு தெரியும். ஒருமுறை இருவரும் பேட்டைக்கு நடந்து போனோம். நல்ல வெயில். தாமிரபரணிக் கரையில் மனிதர் திடீரென்று நின்றுவிட்டார். "கால் வலிக்குதோ அண்ணாச்சி?" என்றேன். "இல்ல வே. கூட வாரவரு பைய வாராரு" என்றார். பாதையில் எங்களைத் தவிர ஒரு காக்கை கூட இல்லை. சற்று நேரம் காத்திருந்து, முகம் மலர்ந்து, மறுபடி நடந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது. நான் சபைக் கமிட்டியின் எழுத்தர். கர்த்தரோடு எனக்குப் பழக்கமெல்லாம் தீர்மானப் புத்தகத்தில்தான்.

ஜெபப்புத்தகத்தை அவர் வெறுத்தவரல்லர். "நல்லாத்தான் எழுதியிருக்காக. ஆனா நாமளே வாசிச்சிக்கிட்டு இருந்தா அவரு எப்பம் பேசுவாரு?" என்பார். எங்கள் வெள்ளைக்காரக் குருவான துரை ஐயரிடமே இதைச் சொன்னார். ஐயர் சிரித்துவிட்டார். பதநீர் விஷயத்தில்தான் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அது சித்திரை மாதம். வழக்கம்போல் ஐயர் குளிர்ச்சிக்காக மலைக்குப் போயிருந்தார். நற்கருணையில் அப்பத்தோடு கொடுக்கும் திராட்சரசம் இருந்த அலமாரியின் சாவியும் அவரோடு போயிருந்தது. பனையேறி ஒருவரின் மனைவி ஞானம்மாள் பிரசவக் காய்ச்சலில் கிடந்து, சாகுமுன் நற்கருணை வேண்டுமென்று அழுதாள். குருப்பட்டம் பெறாத உபதேசியார் அதைக் கொடுக்கக் கூடாது. அண்ணாச்சி சிறிது நேரம் கண்மூடி உட்கார்ந்திருந்தார். பிறகு அவள் புருஷன் இறக்கிவந்த பதநீரையும் ஒரு விள்ளல் கேப்பை ரொட்டியையும் ஆசீர்வதித்து அவள் வாயில் வைத்தார். அன்றே அவள் இறந்தாள்.

விசாரணையில், "நான் திரும்பும்வரை பொறுத்திருக்கலாமே" என்றார் ஐயர்.

"அவளால முடியலையே ஐயா. நீங்கதான் மலைக்குப் போனிய. கர்த்தர் இங்கனதான் இருந்தாரு. சீமைத் திராட்சை மட்டுமா, நம்ம பனையும் அவரு படைச்சதுதானே" என்றார் அண்ணாச்சி.

வேலை போயிற்று. மன்னிப்புக் கடிதம் தரும்வரை நற்கருணையும் இல்லை என்று தீர்மானம், எழுதியது நான். வேலை போனதை அவர் பொருட்படுத்தவில்லை. நற்கருணை ஞாயிறுகளில் மட்டும் கோவிலுக்கு வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதை உள்ளிருந்து பார்த்துக்கொண்டே நான் நற்கருணை வாங்க முன்னால் போவேன்.

போன மாதம் அவர் படுத்த படுக்கையானார். நற்கருணைக்கு ஏங்குகிறார் என்று கேள்விப்பட்டு ஐயரிடம் மன்றாடினேன். "ஞானம்மாளுக்குக் கொடுத்தது நற்கருணையே அல்ல என்று கையெழுத்துப் போடட்டும், உடனே வருகிறேன்" என்றார். கடிதத்தை நானே எழுதிக் கொண்டுபோனேன். அண்ணாச்சி இரண்டு முறை வாசித்தார்.

"அழகா எழுதியிருக்கீரு வே. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா இதுல கையெழுத்துப் போட்டா, அந்தப் பிள்ளைக்குக் கெடச்சது ஒண்ணுமில்லன்னு ஆயிருமே. செத்தவகிட்ட இருந்து பிடுங்கலாமா?"

பேனாவை என் கையிலேயே திருப்பி வைத்தார். நான்காம் நாள், நற்கருணை பெறாமலே போய்விட்டார்.

அந்தக் கடிதத்தை ஐயர் பதிவுக்காகக் கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன். பொய்தான்; என் வேதபுத்தகத்துக்குள் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போடாத அந்தத் தாளைத்தான் அவர் நினைவாக வைத்திருக்கிறேன். ஐயரும் இதை வாசிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன்: ஞானம்மாள் பெற்றது நற்கருணைதான். கீழே கையெழுத்துப் போடுவது, கமிட்டியின் எழுத்தராகிய நான்.