ரொட்டி வேனில் பாப்பாவுடன் த்வாண்டேவுக்கு

கைக்குழந்தையோடு வெளியூர் போய் இரண்டு நாள் தங்கலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் யாங்கோன்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போனது 2010 ஜனவரியில், ஒரு சனிக்கிழமை. பாப்பாவுக்கு அப்போது ஐந்து மாதம் முடிந்து சில நாள் ஆகியிருந்தது.

நான் கப்பலில் ஃபிட்டர். எஞ்சின் அறையில் வேலை. பாப்பா பிறந்தபோது நடுக்கடலில் இருந்தேன். ஒப்பந்தம் முடிந்து, யாங்கோன் பசுந்தாங்கில் ஆறாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிப்போய், மூச்சு வாங்க அவளை நோக்கிக் கையை நீட்டினேன். ஊரே கேட்கும்படி வீறிட்டாள். அடுத்த மூன்று வாரமும் அதே கதைதான். நான் தூக்கினால் அழுகை, என் மனைவி எஸ்தர் வாங்கினால் அமைதி. அடுத்த கப்பலுக்குப் பதினோரு நாள்தான் பாக்கி.

முன்பொரு தடவை ஆஸ்திரேலியத் துறைமுகம் ஒன்றில் கரையிறங்கியபோது கேரவன் பார்க் என்ற ஒன்றைப் பார்த்தேன். சக்கரம் வைத்த குட்டி வீடுகளைப் புல்தரையில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒரு ஆள் அரைக்கால் சட்டையோடு நின்று கொடியில் குழந்தைத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அது என் மனதை விட்டுப் போகவே இல்லை. நம் ஊரில் கேரவன் பார்க் கிடையாது. ஆனால் என் மைத்துனரிடம் ரொட்டி சப்ளை செய்யும் வேன் இருக்கிறது. என்னோடு கப்பலில் சமையல்காரராக இருந்த கோ டின் மாவுங்குக்கு த்வாண்டேயில் கால்வாயோரம் கொய்யாத் தோட்டம் இருக்கிறது. போதாதா?

எஸ்தரிடம் சொன்னேன். "எங்கே?" என்று கேட்பாள் என்று நினைத்தேன். "எப்ப?" என்றாள்.

அவள் ஒரு இடத்தில் உட்காராமல் இருந்ததை நான் வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடுப்படிக்குப் போவாள், பால்கனிக்கு வருவாள், தெருவை எட்டிப் பார்ப்பாள், திரும்ப அடுப்படி. சோறு பாதியில் எழுந்துவிடுவாள். சின்ன வீட்டில் நானும் வந்து இடத்தை அடைத்துக்கொண்டதால் என்று நினைத்துக்கொண்டேன்.

வேனை ஒரே நாளில் தயார் செய்தேன். ரொட்டித் தட்டு அடுக்கும் சட்டங்களைக் கழற்றிவிட்டு, பலகை போட்டு மெத்தை விரித்தேன். மேலே இருந்த கம்பியில் என் லுங்கியால் தூளி கட்டினேன். ஜன்னலுக்குத் திரை கட்ட எஸ்தர் இடுப்பில் கட்டும் பழைய தமெய்ன்களை எடுத்தேன். "பொம்பளை கட்டின துணியைத் தலைக்கு மேலே தொங்க விட்டா கோ டின் மாவுங் வண்டிப் பக்கமே வரமாட்டாரு. உங்க லுங்கியையே கிழிங்க" என்றாள். சரிதான். எத்தனை கழுவியும் ரொட்டித் தூள் முழுக்கப் போகவில்லை. அதன் பலனை எறும்பு ரூபத்தில் அனுபவித்தோம்.

காலை 6.10க்குக் கிளம்பினோம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டலாவுக்குப் படகில் போனால் சீக்கிரம், ஆனால் வேனோடு போவதால் ஹ்லைங்தாயா பக்கம் சுற்றிப் பாலங்கள் வழியாகப் போனோம். மீட்டரில் 34 மைல். பெட்ரோல் கேலன் 2,500 கியாட், போக வர நான்கு கேலன் ஆனது. பாப்பாவுக்காக இரண்டு இடத்தில் நிறுத்தினோம். இரண்டாவது இடம் ஒரு மொஹிங்கா கடை, இரண்டு கிண்ணம் 800. மேசைக்கு மேசை பாப்பாவைக் கொஞ்சினார்கள், யாரிடமும் அழவில்லை. என்னிடம் மட்டும்தான் அழுகை. 8.50க்குத் தோட்டத்தில் இருந்தோம்.

கோ டின் மாவுங் நல்ல மனிதர். நிழலில் இடம் ஒதுக்கி, சக்கரத்துக்கு அண்டை கொடுக்கச் செங்கல்கூட எடுத்து வைத்திருந்தார். இரண்டு நாள் வாடகை என்று ஒரு தொகையை நீட்டினேன், திட்டினார். பிஸ்கட் டின் இரண்டு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

இனிதான் சிக்கல். நம் ஊரில் இன்னொருவர் இடத்தில் இரவு தங்கினால் வார்டு ஆபீஸில் விருந்தாளிப் பட்டியலில் பெயர் எழுதவேண்டும், தெரியும்தானே. மூவருமாகப் போனோம். அங்கிருந்த கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"எந்த வீட்டில் தங்குகிறீர்கள்?"

"வீட்டில் இல்லை, வேனில்" என்றேன்.

"வண்டிக்கு வீட்டு எண் இல்லையே. எந்தக் கட்டத்தில் எழுதுவேன்?"

கடைசியில் கோ டின் மாவுங் வீட்டு எண்ணிலேயே எழுத ஒத்துக்கொண்டார். என் அடையாள அட்டை, எஸ்தருடையது, இரண்டும் சரி. "குழந்தை யார்?" என்றார். எங்கள் பிள்ளை என்றோம். "குடும்பப் பட்டியலில் சேர்த்தாயிற்றா? காட்டுங்கள்." சேர்த்து இரண்டு மாதம் ஆகிறது. ஆனால் அந்தத் தாள் பசுந்தாங்கில், டிரங்குப் பெட்டியில். அவர் கோபப்படவில்லை. "ஆறு மணிக்குள் கொண்டுவந்தால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் இன்று இரவு இங்கே தங்கமுடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும், "நான் லைன்கார் பிடிச்சு டலா போய்ப் படகேறிப் போயிட்டு வர்றேன். நாலரை மணி நேரம்" என்றேன்.

"நான் போறேன்" என்றாள் எஸ்தர்.

"நீயா? பாப்பா?"

"தாள் எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது."

"சொன்னா எடுக்கமாட்டேனா?"

"ஃபிளாஸ்க்ல வெந்நீர் இருக்கு. பால்மாவு பச்சை டப்பா. மூணு கரண்டி, தட்டிப் போடுங்க." பேசிக்கொண்டே பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை. வழிநெடுக ஆள் ஏற்றிப் போகும் அந்த லைன்கார் கிளம்பும்போது மணி பத்து. பின்னால் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. தூளியில் போட்டேன், அழுதாள். தோளில் போட்டுக் கொய்யா மரங்களுக்கு நடுவே நடந்தேன், இன்னும் அழுதாள். பால் கலக்கிக் கொடுத்தேன், துப்பினாள். எனக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ் பாட்டு மூன்றையும் பாடினேன். கோ டின் மாவுங்கின் மனைவி ஓடிவந்து வாங்கினார், உடனே அடங்கினாள். அவர் அடுப்பைப் பார்க்கப் போகவேண்டியிருந்தது, என்னிடம் திரும்பி வந்ததும் மறுபடி ஆரம்பம். எஞ்சின் அறையில் எதையெல்லாமோ சரிசெய்திருக்கிறேன். ஏழு கிலோ இருக்கும் ஒரு பிள்ளையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

தோற்றுப்போய், வேனுக்குப் பக்கத்தில் நிழலில் பாயை விரித்து அவளைப் படுக்கவைத்தேன். கை சும்மா இருக்கமுடியாமல், வரும் வழியில் கடகடவென்று சத்தம் போட்ட பின்பக்க பம்பரைப் பார்க்க ஸ்பேனரோடு உட்கார்ந்தேன். போல்ட் துருப்பிடித்திருந்தது. இளக்குவதற்காக ஸ்பேனரால் தட்டினேன். டங், டங்.

அழுகை நின்றது.

திரும்பிப் பார்த்தேன். கண்ணை அகல விரித்துச் சத்தம் வந்த பக்கம் தேடிக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியதும் உதடு பிதுங்கியது. தட்டினேன். உதடு உள்ளே போனது. போல்ட் இளகிவிட்டது, ஆனாலும் தட்டிக்கொண்டே இருந்தேன். மெதுவாக இரண்டு, வேகமாக மூன்று. பம்பரில் ஒரு சத்தம், சக்கரத்தின் இரும்பில் இன்னொன்று. சத்தம் மாறும்போதெல்லாம் காலை உதைத்தாள். 

கோ டின் மாவுங் மூச்சிரைக்க ஓடிவந்தார். "வண்டிக்கு என்ன ஆச்சு, கோ ஜோசஃப்?"

"ஒன்றும் ஆகவில்லை" என்றேன், தட்டிக்கொண்டே.

"அப்புறம் ஏன் அடிக்கிறீர்கள்?"

"நிறுத்தினால் அழுவாள்."

அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு போய் ஒரு அலுமினியக் குண்டான் மூடியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதில் நல்ல சத்தம் வந்தது. முக்கால் மணி நேரம் வாசித்திருப்பேன். இடது கையால் பால் புட்டியைப் பிடித்தேன், வலது கையால் தட்டினேன், குடித்தாள். பிறகு சிரித்தாள். மூடியைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்று எஸ்தர் பிற்பாடு சொன்னாள். இருக்கட்டும்.

இரண்டரைக்கு எஸ்தர் வரவேண்டும். வரவில்லை. மூன்று ஆனது. லைன்கார் நிற்கும் இடத்துக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். ஒரு வண்டி வந்தது, சாக்கும் சட்டியும் இறங்கின. மூன்றரைக்கு இன்னொன்று. நான்கு மணிக்கும் ஒன்று. எதிலும் அவள் இல்லை. கையில் ஃபோன் கிடையாது, யாரைக் கேட்பது? படகுக்கு ஏதாவது ஆகியிருக்குமா? வீட்டில் தலைசுற்றி விழுந்திருப்பாளா? எட்டு மாதம் கடலில் இருந்தபோது இவள் என்னைப் பற்றி இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள் என்று அப்போது தோன்றியது. தோட்டத்துக்கும் ரோட்டுக்கும் ஆறு தடவை நடந்தேன். ஆறாவது தடவை பாப்பா என் தோளிலேயே தூங்கிவிட்டாள். நான் அதைச் சரியாகக் கவனிக்கவும் இல்லை.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு லைன்காரின் பின்படியிலிருந்து எஸ்தர் இறங்கினாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது, தலைமுடி காற்றில் கலைந்திருந்தது. கையில் குடும்பப் பட்டியல்.

"என்ன ஆச்சு? எங்கே போனே? எனக்கு உயிரே போச்சு!"

"படகுல இருந்தேன்."

"படகு பத்து நிமிஷம்!"

ரோட்டோரமாகவே நின்றாள். "தாள் உடனே கிடைச்சுது. ஒண்ணரை மணிக்கே இந்தப் பக்கம் வந்துட்டேன். எல்லாரும் இறங்கினாங்க. எனக்கு இறங்க முடியலை. அப்படியே உக்காந்திருந்தேன். படகு திரும்ப அந்தப் பக்கம் போச்சு. மறுபடி இங்கே வந்துச்சு. மேல்தட்டுல காத்து. யாரும் என்னைத் தொடலை, யாரும் என்னைக் கூப்பிடலை. நாலு தரம் போயிட்டு வந்தேங்க" என்றாள்.

கத்தவேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தும் விட்டேன். ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளில் தூங்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுதாளா?"

"முதல்ல அழுதா. அப்புறம் இல்லை."

"என்னைத் தேடவே இல்லையா?"

தேடினாள் என்றால் ஒரு வலி, தேடவில்லை என்றால் வேறொரு வலி. நான் யோசிப்பதற்குள் அவள் கண் நிரம்பிவிட்டது. "எழுப்பட்டுமா?" என்றாள்.

"இப்பதான் தூங்கினா, எஸ்தர்."

எழுப்பினாள். பாப்பா கண்ணைத் திறந்து அம்மாவைக் கண்டதும் ஊரைக் கூட்டினாள். எஸ்தர் அவளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள், அழவும் செய்தாள். அப்படியே வார்டு ஆபீஸுக்குப் போனோம். மணி 5.40. கிளார்க் காதைப் பொத்திக்கொண்டு மூன்று பெயரையும் எழுதினார்.

மறுநாள் மண்பாண்டப் பட்டறைகளைப் பார்த்தோம். சக்கரம் சுற்றுவதைப் பாப்பா பார்த்தாள், அரை மணி நேரம் போதும். 1,200 கியாட்டுக்கு ஒரு தண்ணீர்ப் பானை வாங்கினோம். மத்தியானம் எஸ்தர் வேனில் மூன்று மணி நேரம் தூங்கினாள். நானும் பாப்பாவும் மூடியோடு கால்வாய்க் கரையில் இருந்தோம். திங்கட்கிழமை காலை 7க்குக் கிளம்பி 9.20க்கு வீடு.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள், அதற்குப் பிறகு வேனுக்குள் வேகும். குடும்பப் பட்டியலை முதலில் எடுத்து வையுங்கள், துணிமணி அப்புறம். கொசுவலை கட்டாயம். வெந்நீர் ஃபிளாஸ்க் இரண்டு வேண்டும், ஒன்று போதாது. ரொட்டி வேன் என்றால் எறும்பு ஏறாமல் நான்கு சக்கரத்தைச் சுற்றியும் சுண்ணாம்புத் தூள் போடுங்கள். இதை நாங்கள் இரண்டாம் நாள்தான் கற்றுக்கொண்டோம். பிள்ளையின் அப்பாவை ஒரு முழுப் பகல் பிள்ளையோடு தனியாக விடுங்கள், அவர் எத்தனை கெஞ்சினாலும் சரி.

மறுபடி கப்பலேறிய பிறகு ஊருக்கு ஃபோன் போட்டபோது எஸ்தர் சொன்னாள், இப்போதெல்லாம் சனிக்கிழமை தோறும் அண்ணி வந்து பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறாராம், தான் இரண்டு மணி நேரம் வெளியே போய் வருகிறாளாம். எங்கே போகிறாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. "குடை எடுத்துக்க, வெயில்" என்று மட்டும் சொன்னேன்.