இரண்டும் இடத்து மாடு

ஒரகடம் கூட்டுரோட்டில் மாடி வீடு, கம்பெனி ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள், வடநாட்டுப் பிள்ளைகள் தங்க வரிசையாக அறைகள். எல்லாம் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத நான் ஒண்டியாக நின்று உண்டாக்கியது. ஒருத்தரும் ஒரு செங்கல் எடுத்துக் கொடுக்கவில்லை. எதைக் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். சின்ன வயதில் எங்கள் ஊர் வடக்குப்பட்டில் நாங்கள் ஏர் பூட்டிய ஒரு நாளைக் கேட்டால் மட்டும் தலை தானாகக் குனிந்துவிடும்.

அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது ஜோடி மாட்டையும் பிரித்துக்கொண்டார்கள். நுகத்தடியில் இடப்பக்கம் பழகினது எங்களுக்கு, வலப்பக்கம் பழகினது பெரியப்பாவுக்கு. ஊரில் ஒற்றை மாட்டுக்காரர்கள் இரண்டு வீடாகச் சேர்ந்து கூட்டு ஏர் பூட்டுவார்கள். எங்களுக்குள்தான் பேச்சே இல்லையே. ஏரித் தண்ணீர் கழனிக்கு வந்துவிட்டது. அது வற்றுவதற்குள் உழாவிட்டால் அந்தப் போகம் போச்சு, சோற்றுக்கு நெல் கிடையாது. அப்பா மண்ணூர் போய் மாமாவின் மாட்டை ஓட்டி வந்தார். அதுவும் இடத்து மாடு. அது தெரியாதவரா அவர்? அண்ணன் வாசலை மிதிக்கக் கூடாது என்ற வீம்பு.

பூட்டியதுமே மாமாவின் மாடு வலப்பக்கம் நிற்க மாட்டாமல் எங்கள் மாட்டை முட்டித் தள்ளியது. நுகத்தடி முறுக்கிக்கொண்டது, கலப்பை சேற்றில் சாய்ந்தது. வரப்பில் கூடி நின்றவர்களில் பங்காளி ஒருத்தர், "இன்னாப்பா, உழுவுறியா, மாட்டக் கூத்தாட வுட்டுகினு கீறியா?" என்றார். வரப்பே சிரித்தது. அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரே ஓட்டமாகப் பெரியப்பா வீட்டுக்குப் போய் அவர் மாட்டை அவிழ்த்தேன். அவர் வெளியே வந்தார்.

"எங்கடா ஓட்டிகினு போற?"

"அப்பாதான் கேட்டு ஓட்டியாரச் சொன்னாரு, பெரிப்பா."

அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. பெரியப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். அத்தனை பேர் எதிரில் அப்பாவிடம், "நீ ஆள் அனுப்புவேன்னுதான் பாத்துகினு இருந்தேன்டா. என் கழனியும் அப்டியேதான் கீது," என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். கெஞ்சிக் கேட்டவராக அவரை ஊருக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். உண்மையைச் சொல்லி அறையப் போகிறார் என்று நின்றேன். அவர் குனிந்து மாமாவின் மாட்டை அவிழ்த்தார்.

இரண்டு கழனியும் உழுதாயிற்று. ஆனால் நாற்று நட்டு முடிக்கும் வரைக்கும் அவர் எனக்கு முகம் கொடுக்கவில்லை. பொய் சொன்னதற்குக் கோபம் என்றே நினைத்தேன். கேட்க வாய் வராத மனுஷன் என் பொய்க்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டார் என்பதும், அவருக்கு என் மேல் கோபமில்லை, தன் மேல்தான் வெட்கம் என்பதும் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கூடினால், தம்பி கேட்டான், அண்ணன் ஓடி வந்தான் என்று பெருமை பேசுகிறார்கள். என் பொய்யை உட்கார்ந்து கேட்கவே கூசுகிறது. பேசட்டும். ஆனால் முளையிலிருந்து அவிழ்த்து அந்த மாட்டை ஓட்டி வந்தவன் நான். என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.